யுகுலேலேக்குப் புதுத் தந்திகள்

வாங்கிய நாள் முதல் மாற்றாமலே வைத்திருந்த என் யுகுலேலேயின் (சிறிய கிட்டார் போன்ற வாத்தியம்) நான்கு தந்திகளையும் நேற்று மாலை முதன்முறையாக நானே மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதைக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொட்டேன். முடிச்சு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பக்கத்துத் தந்தியைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது.

சுரங்களின் பெயரால் ஜி, சி, இ எனப்படும் மூன்று தந்திகளும் சிரமம் தரவில்லை. மிக மெல்லியதான ஏ தந்திதான் படுத்தி எடுத்தது. குதிரையின் (தந்திகளின் அடிநுனியைக் கட்டும் மரக்கட்டை) துளை வழியே நுழைத்து, தன்மீதே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்கிக்கொண்டே வந்தபோது, சுருதியை எட்டுவதற்குச் சற்று முன் முடிச்சு வழுக்கி, நுனி மரத்தில் சுளீரென்று அடித்தது (நல்லவேளை, என் முகம் அருகில் இல்லை). இரண்டாம் முறை மூன்று சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றின் வால் குதிரையின் பின்விளிம்பைத் தாண்டி அழுந்தும்படி இறுக்கியதும் நின்றுவிட்டது.

இப்போதைய தொல்லை வேறு. புது நைலான் இழுபட்டு நீண்டுகொண்டே இருப்பதால், சுருதி சேர்த்து ஒரு பாட்டை வாசித்து முடிப்பதற்குள் நான்கும் இறங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடியும் சேர்க்கிறேன். காலையிலிருந்து இது ஏழாவது முறை.