பாறையா, கல்லா?

ஜூன் 29

பேதுரு, பவுல் திருநாள். நான் புராட்டஸ்டண்ட், மனைவி வீடு கத்தோலிக்கம். மனைவியோடு பூசைக்குப் போனேன். நற்செய்தி மத்தேயு 16: "உன் பெயர் பேதுரு, இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்." நான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பில் "இந்தக் கல்லின்மேல்" என்று வரும்.

மதியம் சாப்பாட்டில் மாமா ஆரம்பித்தார். "அந்தப் பாறை பேதுருதான் மாப்பிள்ளை. வேதத்துக்குப் பொருள் சொல்கிற உரிமை அவர் வழிவந்த திருச்சபைக்குத்தான்."

பாறை பேதுருதான் என்று எப்படித் தெரியும் என்றேன்.

"அதான் திருச்சபை சொல்கிறதே!"

கறிக்குழம்பு அருமையாக இருந்தது. பேச்சை அதோடு விட்டேன்.

ஜூலை 1

விட முடியவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரலில் போட்ட ஆணையைத் தேடிப் படித்தேன்: திருச்சபைத் தந்தையர், அதாவது ஆதித் திருச்சபையின் பெரிய போதகர்கள், ஒருமனதாகக் கொண்ட பொருளுக்கு மாறாக யாரும் வேதத்தை விளக்கக் கூடாது. சரி, இந்த வசனத்தில் தந்தையர் ஒருமனமா? அந்தத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீனார் முதலில் பாறை என்றது பேதுருவை என்று எழுதினார். பிறகு பல இடங்களில், பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே பாறை என்றார். முதுமையில் தம் நூல்களைத் திரும்பப் பார்த்தபோது இரண்டையும் சொல்லி, எது பொருத்தமோ வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரே ஆளுக்குள்ளேயே ஒருமனம் இல்லை!

ஜூலை 4

மாமாவை மடக்கப் போகுமுன் என் வீட்டு ஓட்டையையும் பார்க்க வேண்டும். நாங்கள் "வேதம் மட்டுமே" என்கிறவர்கள். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்கிலியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் போப் வேண்டாம், வேதம் போதும். லூத்தர், கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன "இது என் சரீரமாய் இருக்கிறது" என்ற வார்த்தையை மேசைமேல் சுண்ணக்கட்டியால் லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு அதைவிட்டு நகரவில்லை. ஸ்விங்கிலி "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்ற யோவான் 6:63-ஐக் காட்டி, அந்த "இருக்கிறது" என்பதற்குப் பொருள் "குறிக்கிறது" என்றார். 15 பிரிவுகளில் 14 ஒத்துப்போயின. கடைசியில், இராப்போஜன அப்பத்தில் வந்து முறிந்தது. வேதம் தெளிவாகத்தான் இருக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அப்புறம் கவனித்தேன்: சண்டையே ஒரு "இருக்கிறது"க்காக. எங்கள் பழைய வேதம் அதை விடாமல் "சரீரமாயிருக்கிறது" என்கிறது. மாமா வீட்டு விவிலியத்தில் "இது எனது உடல்". வினைச்சொல்லே இல்லை.

ஜூலை 6

மாமாவிடம் அகுஸ்தீனாரை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது அவருடைய சொந்தக் கருத்தாக இருக்கும். தந்தையர் எங்கே சொந்தமாகப் பேசினார்கள், எங்கே திருச்சபையின் குரலாகப் பேசினார்கள் என்பது திருச்சபைக்குத் தெரியும்."

மார்பர்க் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.