கிழியாத தொப்பி விற்கும் வியாபாரம்

கொடைக்கானலில் வாங்கும் தொப்பிக்கு ஆயுசு இரண்டு நாள். ஏரிக்கரையில் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றுவார்கள். வண்டி மலையிறங்கி வத்தலக்குண்டைத் தொடும்போது வியர்க்க ஆரம்பிக்கும், தொப்பி பைக்குள் போகும். அப்புறம் அது பீரோவில் எங்கோ கிடக்கும். இரண்டு நாளைக்கு 150 ரூபாய்த் தொப்பி போதும், நான் குறை சொல்லவில்லை. 'உல்லன்' என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் பின்னிய அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அதில் ஆட்டு முடி ஒரு இழைகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியாக உதிரும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும்.

நாங்கள் செய்வது கையால் பின்னும் தொப்பி, மஃப்ளர், கிளவுஸ், சாக்ஸ். மெரினோ என்ற செம்மறி ஆட்டினத்தின் கம்பளி நூல். ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆரம்பித்த புதிதில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார்: "ஏம்மா, கிழியாத தொப்பிய வித்தா அடுத்த தொப்பிய யாரு வாங்குவா?" கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

உழைப்பது நூலில் தொடங்குகிறது. கடைக்கு வருகிறவர்கள் தொப்பியைக் கையில் எடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடியில் ஜெயிக்க வேண்டுமானால், ஒரே புரியாகத் தளர்வாக முறுக்கிய நூலில் பின்ன வேண்டும். அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஒரு குளிர்காலம் போட்டால் மேலெல்லாம் குட்டிக் குட்டி உருண்டை கட்டும். மூன்று புரி சேர்த்து இறுக்கி முறுக்கிய நூல் முதலில் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், இரண்டு அலசலில் பதமாகிவிடும். நாங்கள் இரண்டாவதைத்தான் வாங்குகிறோம். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவர்கள் உண்டு. போகட்டும்.

குத்துமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. குத்துவது இழையின் பருமனைப் பொறுத்தது. மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தாண்டினால் இழையின் நுனி வளையாமல் கழுத்தில் ஊசியாக நிற்கும். பழைய கம்பளிப் போர்வை அரிப்பதற்கு அதுதான் காரணம். சாக்ஸ் மட்டும் சுத்தக் கம்பளியில் செய்வதில்லை. ஷூவுக்குள் உராய்ந்து குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான். 'இயற்கைப் பொருள் என்று சொல்லிவிட்டு நைலானா?' என்று முகம் சுளிக்கிறவர்களுக்குச் சுத்தக் கம்பளி சாக்ஸும் பின்னித் தருவோம், சீக்கிரம் ஓட்டை விழும் என்று சொல்லிவிட்டு. இந்த விஷயத்தில் எனக்குப் பிளாஸ்டிக் மேல் கோபமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் சரி.

"மன்னவனூர்ல செம்மறி ஆடு இருக்கே, நூல் ஏன் லூதியானாவுலேர்ந்து வருது?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்னவனூரில் இருப்பது ராஜஸ்தான் அவிகாநகரில் தலைமையகம் கொண்ட மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். பாரத் மெரினோ என்ற கலப்பின ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். ஆனால் ஆட்டு முடி நூலாக வேண்டுமானால் அலச வேண்டும், சீவ வேண்டும், நூற்க வேண்டும். கீழே திண்டுக்கல் முழுக்க நூற்பாலைகள்தான், பெரும்பாலும் பருத்தியை நம்பி இருப்பவை. பருத்தி இழை குட்டை, கம்பளி இழை நீளம். அதைச் சீவி நூற்கும் எந்திர வரிசையே வேறு. எனக்கு வேண்டிய கொஞ்ச நூலுக்காக யாரும் தனி எந்திரம் போட மாட்டார்கள். அதனால் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் கத்தரித்த முடி லூதியானாவில் நூலாகி, மன்னவனூர் ஆட்டுக்கு 35 கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீட்டுத் திண்ணையில் தொப்பியாகிறது. இதை 'உள்ளூர்த் தயாரிப்பு' என்று போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கைதான் உள்ளூர், நூல் இல்லை. தொப்பியோடு தரும் சீட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறோம்.

நூல் வாங்குவதில்தான் கைக்காசு முடங்கும். ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் சாய லாட் எண் இருக்கும், ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கு ஒரே எண். ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஆனால் லாட் மாறினால் மஃப்ளரின் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும். விளக்கொளியில் தெரியாது, வெயிலில் தெரியும். அதனால் ஒரு நிறத்தை எடுத்தால் அந்த வருஷத்துக்குப் போதுமான அளவு ஒரே லாட்டில் எடுத்தாக வேண்டும். ஏப்ரல், மே சீசனில் வரும் காசு ஆடி மாதத்தில் நூலாக மாறி அலமாரியில் உட்கார்ந்துவிடும். சின்னத் தொழில் நொடிப்பது விற்காமல் மட்டுமில்லை, காசு எல்லாம் சரக்காகக் கிடப்பதாலும்தான். நாங்கள் 24 நிறத்திலிருந்து 7 நிறத்துக்கு இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. நிறம் குறைந்ததற்காக யாரும் வாங்காமல் போனதாகத் தெரியவில்லை.

பின்னும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. கையால் பின்னியதன் பெரிய வசதி, பிரிக்கலாம் என்பது. சாக்ஸை மேலே கணுக்காலில் ஆரம்பித்து விரலில் முடித்தால், விரல் பக்கம் ஓட்டை விழும்போது அந்த நுனியை மட்டும் பிரித்துப் புது நூலில் மறுபடி பின்னிவிடலாம். விரலில் ஆரம்பித்து மேலே போனால் அது அவ்வளவு சுலபமில்லை, பின்னல் முடிந்த பக்கத்திலிருந்துதான் நன்றாகப் பிரியும். கிளவுஸில் முதலில் போவது கட்டைவிரல் பிரியும் அந்த மூலை. அங்கே இரட்டை நூல். தொப்பியில் நெற்றிப் பட்டை தளரும், அதனால் அதை இரண்டு மடிப்பாகப் போட்டு உள்ளே தைத்துவிடுகிறோம். இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. எங்களுக்குப் பின்னித் தரும், கான்வென்ட்டில் சின்ன வயதில் பின்னல் கற்ற அக்காக்களுக்கு இது அத்துப்படி. நான் செய்தது, அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் ஒரே மாதிரி செய்யும்படி பார்த்துக்கொண்டது.

ஒரு தொப்பிக்கு 80 கிராம் நூல் போகும். கை பழகியவர்களுக்கு நாலு மணியிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். விலை போடும்போது முதலில் கூலியை எழுதுகிறேன், நூலை அப்புறம், என் பங்கைக் கடைசியில். வரிசை மாறினால் கூலிதான் குறையும், எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று. ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி கொடுத்தால் வேகம் வரும், பின்னல் தளரும், மணிக்கட்டு வலியும் சேர்ந்து வரும். எங்களிடம் இப்போது மணிக்கணக்குக் கூலி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரும் ஊசி பிடிப்பதில்லை என்பது பேச்சு. ஆரம்பத்தில் இதற்கு எதிர்ப்புச் சொன்னது அக்காக்களேதான். "வீட்ல உக்காந்து எட்டு மணி நேரம் பின்னுவேன் பாப்பா, எனக்கு என்ன வந்துச்சு" என்றார் ஒருவர். அவருக்குத்தான் முதலில் விரல் மடங்காமல் போனது. நூல் மறுபடி வாங்கலாம். முப்பது வருஷம் பழகிய கையை எங்கே வாங்குவது?

இந்தக் காரணத்தால்தான் பெரிய ஆர்டரை எடுப்பதில்லை. ஒரு நிறுவனம் தீபாவளிப் பரிசுக்கு 1,500 மஃப்ளர் ஒரே மாதத்தில் கேட்டது. முன்பணம் தரவும் தயார். எடுத்திருந்தால் வெளியே கூலிக்குக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எந்திரச் சரக்கை வாங்கி எங்கள் சீட்டை ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வேறு பரிசு தேடியிருப்பார்கள், நாங்கள் பெருக்கிய ஆட்களை என்ன செய்வது என்று விழித்திருப்போம்.

யார் வாங்குகிறார்கள் என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். பூம்பாறையில் அதிகாலைப் பனியில் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் தொப்பியை வாங்குவதில்லை. அவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, அக்ரிலிக் மங்கி கேப்தான். பின்னும் அக்காக்கள் தோளில் போட்டிருப்பதும் அக்ரிலிக் சால்வைதான். இந்த உறுத்தல் தீரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை மிஞ்சிய நூலில் அவரவர் வீட்டுக்குப் பின்னிக்கொள்வது என்று வைத்திருக்கிறோம், அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவர்கள் பெங்களூரில் விடியற்காலை பைக் ஓட்டுகிறவர்கள், பிள்ளைகள் கனடாவில் இருக்கிற மதுரைக்காரர்கள், மார்கழி பிறந்ததும் மங்கி கேப் மாட்டிக்கொண்டு வாக்கிங் போகும் சென்னைத் தாத்தாக்கள். சென்னையில் அதற்கு என்ன குளிர் என்று கேட்கக்கூடாது. அவர்களால்தான் டிசம்பர் ஓடுகிறது.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது ஏரிக்கரைக் கடைக்காரர்கள் ரொம்பப் பயந்தார்கள். எங்களுக்கு அந்த அடி குறைவாக விழுந்தது, பாதிக்கு மேல் தபாலில் போவதால். தபாலில் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் முன்பு வாங்கியவர்கள், அல்லது வாங்கியவருக்குச் சொந்தக்காரர்கள். அண்ணாச்சிக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: தொப்பி கிழியாததால் வாங்கியவர் வரவில்லை, அவர் தங்கை வருகிறார்.

வாங்கியவரும் சில சமயம் வருவார், சுருங்கிய தொப்பியோடு. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, வாஷிங் மிஷின் உருட்டல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும். இறுகினது இறுகினதுதான், ஒன்றும் செய்ய முடியாது. தலைக்குப் போட்ட தொப்பி பொம்மைக்குச் சரியாக இருக்கும். குழந்தைத் தொப்பிக்கு மட்டும், அம்மாக்களுக்குக் கையால் அலச நேரம் இருக்காது என்பதால், செதில்கள் மாட்டிக்கொள்ளாதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் நூலை எடுக்கிறோம். மற்றவற்றுக்குச் சீட்டில் பெரிய எழுத்தில் போடுகிறோம்: பச்சைத் தண்ணீர், பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தவும், தொங்கவிடாமல் பரப்பிக் காய வைக்கவும். அடிக்கடி துவைக்கவும் வேண்டாம், காற்றாட விட்டாலே போதும். ஆனால் எடுத்து வைக்கும் முன் கட்டாயம் அலச வேண்டும். அந்துப்பூச்சிப் புழு வியர்வைக் கறை இருக்கும் இடத்தைத்தான் முதலில் தேடும்.

ஓட்டை விழுந்து வருவதைச் சரிசெய்து கொடுக்கிறோம். இதற்காகவே பழைய லாட் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நூல் ஒதுக்கி, எண் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை பழுதுக்குக் காசு வாங்கியதில்லை, அக்காக்களுக்கு மட்டும் மணிக்கணக்குப்படி கொடுத்துவந்தேன். விற்ற சரக்கு கூடக்கூடப் பழுதும் கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலசிப் போட்டது நாள்கணக்கில் காயாமல் கிடக்கும்போது பழுதுக் கூடை நிரம்பி வழியும். "புதுசு பின்றத விட ஒட்டுப் போடுறதுதான் கஷ்டம். அதுக்குப் போயி சும்மா செஞ்சு குடுக்கறியே" என்று மூத்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். வரும் சீசனிலிருந்து முதல் இரண்டு வருஷம் இலவசம், அதற்குப் பிறகு ஆகிற நேரத்துக்குக் கூலி என்று சீட்டை மாற்றி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பழைய சீட்டோடு வாங்கியவர்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்கிறேன் நான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.