வாசலில் ஒரு பிரேக் வேலை

ரங்கூனில் வண்டி ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம், பல கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். 1970-லிருந்து இந்தக் கூத்துதான். முந்தும்போது எதிரே வருவது சரியாகத் தெரியாது. பிரேக்கை நம்பித்தான் பிழைப்பு. அதைத்தான் நேற்று பேடு (சக்கரத்தின் தட்டை அழுத்தி நிறுத்தும் கட்டை) மாற்ற வீட்டு வாசலில் பிரித்துப் போட்டேன்.

ஜாக்கியில் தூக்கிய பிறகு முன்சக்கர நட்டைத் திருகினால் சக்கரம்தான் சுற்றுகிறது! இறக்கி, தரையில் வைத்துத் தளர்த்தி, மறுபடி தூக்கினேன். புதுப் பேடுக்கு இடம் விட, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் மேலே டப்பாவில் பிரேக் ஆயில் பொங்கி வழிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட்டேன், அந்த இடத்தில் பெயிண்ட் வெந்த தோல் மாதிரி சுருங்கிவிட்டது.

புதுப் பேடு மாட்டிக் கிளம்பினால் பெடல் தரைவரை போகிறது. வயிற்றைக் கலக்கியது. அப்பா ஜன்னல் வழியாக, "நாலஞ்சு தடவை மிதிடா, அப்புறம் கியரைப் போடு" என்றார். மிதித்தேன், கெட்டியானது.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா!