‘நல்லா இருக்கு’ என்று எழுதிய பிறகு

மேல்நிலை வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லுங்கள். ‘அருமை’, ‘படிச்சதும் பசிக்குது’, ‘எழுத்துப் பிழையைக் கவனி’ என்ற மூன்றுதான் பெரும்பாலும் திரும்பி வரும். மாணவர்களுக்கு அக்கறை இருக்கிறது. எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. அதைப் பழக்க நான் நம்புகிற வழி, ஒரு கவிதையில் தொடங்கி அதன் பிறகே கட்டுரைக்கு வருவது. சங்கப் புலவரின் வரியை எவ்வளவு கிண்டிக் கிளறினாலும் வகுப்பில் யாரும் புண்படப்போவதில்லை.

குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கெட்டித் தயிரை விரலால் பிசைகிறாள், புடவையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று சாப்பிட, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறவள் அவளை வளர்த்த செவிலித்தாய்.

36 பேர் வகுப்பென்றால் 12 பேராக மூன்று வட்டம். ஒவ்வொன்றிலும் 6 பேர் உள்ளே அமர்ந்து 12 நிமிடம் பேசுவார்கள். வெளியே இருக்கும் 6 பேரில் ஒவ்வொருவரும் உள்ளே ஒருவரை மட்டும் கவனிப்பார்கள், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். மூன்று வட்டமும் ஒரே அறையில் இருந்தால் இரைச்சலில் எதுவும் கேட்காது, ஒன்றையாவது வராந்தாவுக்கு அனுப்பிவிட வேண்டும். கவனிக்கிறவர் தாளில் மூன்று குறி போதும்: கவிதையின் சொல்லைத் தொட்டுப் பேசினால் ஒரு கோடு, முன்பு பேசியவருக்குப் பதிலாகப் பேசினால் ஓர் அம்பு, அடுத்தவர் பேச்சை வெட்டினால் ஒரு பெருக்கல் குறி. குறியோடு, காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வைக்கவும் வேண்டும். ‘நீ நன்றாகப் பேசினாய்’ என்பதை வாங்கிக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? ‘நான்காம் அடியில் “தான் துழந்து அட்ட” என்பதில் உள்ள “தான்” ஏன் என்று கேட்டாய். அதுவரை எல்லோரும் கணவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், அதன் பிறகுதான் பேச்சு அவள் பக்கம் திரும்பியது’ என்று சொன்னால், அந்த மாணவிக்குத் தான் செய்தது என்னவென்று தெரிகிறது. அடுத்த முறையும் செய்வாள். கவனித்தவர் இப்படி எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒரு முறைகூடப் பேசாதவருக்கும் உண்டு. அவர் எப்போது பேச வாயெடுத்தார், யார் குறுக்கிட்டார் என்பதைக் கவனித்தவர் எழுதலாம்.

இந்தக் கவிதையில் சுவையைப் பற்றி வருவது எவ்வளவு குறைவு! புளியின் இனிமைக்கு ஒரு சொல், கணவன் வாயில் ஒரு சொல். மற்றதெல்லாம் விரல், துணி, கண், புகை, முகம். மாணவர்கள் இதைத் தாங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரை வாசிப்பு பாதி முடிந்த மாதிரி.

கட்டுரை 400 சொல்லுக்குள் இருக்கட்டும், உரக்கப் படிக்க 4 நிமிடம் ஆகும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிவிட்டு வரி, ஓரத்தில் ஐந்து வரிக்கு ஓர் எண். இந்த எண் இல்லாவிட்டால் ‘நடுவுல எங்கயோ புரியல’ என்ற அளவோடு பின்னூட்டம் நின்றுவிடும். நாலு பேர் குழு, மூன்று நகல். எழுதியவர் படிப்பார் (4 நிமிடம்), மற்றவர்கள் பேசாமல் சீட்டு எழுதுவார்கள் (2), ஒவ்வொருவரும் 2 நிமிடம் சொல்வார்கள் (6), கடைசி 2 நிமிடம் எழுதியவர் சந்தேகம் கேட்பார். ஒருவருக்கு 14 நிமிடம் ஆவதால் ஒரு பாடவேளையில் இருவருக்கு மேல் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்லும்போது எழுதியவர் வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினம். ‘இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...’ என்று விளக்கத் தொடங்கிவிட்டால், தாளில் இல்லாததைக் குழுவே சேர்த்துப் புரிந்துகொள்ளும், குறை தாளிலேயே தங்கிவிடும்.

சீட்டு அரைப்பக்கம். மனதில் நின்ற ஒரு வரியை எடுத்தெழுதி என்ன தெரிந்தது என்று ஒரு வாக்கியம், வழி தவறிய இடம் வரி எண்ணோடு, ஒரே ஒரு கேள்வி, அவ்வளவே. பேசுகிற தமிழிலேயே எழுதவிடுங்கள். எழுத்துத் தமிழில் கேட்டால் ‘தங்கள் படைப்பு மிகச் சிறப்பாக அமைந்துள்ளது’ என்று வாழ்த்துமடல் வந்து நிற்கும்.

இனி, எதைத் தேடுவது. தமிழில் இதற்கு வினைமுற்றே போதும். வாசிக்கிறவர் பென்சிலால் வினைகளை மட்டும் அடிக்கோடிடட்டும். ‘வதக்கவும், சேர்க்கவும், இறக்கவும்’ என்று வரிசையாக வந்தால் அது சமையல் குறிப்பு, ஆள் இல்லை. ‘வதக்குவாள், அரைப்பாள், ஊட்டுவாள்’ என்று போனால் ஆள் வந்துவிட்டாள், ஆனால் நாள் இல்லை. முதல் வரைவுகள் பெரும்பாலும் இந்த ‘-வாள்’, ‘-பாள்’ நடையிலேயே கடைசிவரை ஓடும், எல்லா ஞாயிறும் ஒரே ஞாயிறாகத் தெரியும். அங்கே கேட்க வேண்டியது: ‘ஒரு நாளைச் சொல், அன்று என்ன நடந்தது?’ ‘வதக்கினாள்’ என்று ஒரு வினை மாறியதும் மழை பெய்கிறது, மண்ணெண்ணெய் தீர்கிறது, சித்தப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். முழுக் கட்டுரையையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரு பத்தி மாறினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘பாட்டி வைக்கும் கருவாட்டுக் குழம்பின் மணம் தெருவையே தூக்கும். கொதித்ததும் சட்டியை இறக்கி வைப்பாள்’ என்று இரண்டு வரி வருகிறது. ‘கத்தரிக்காய் போட்டா இன்னும் நல்லா இருக்கும், எங்க வீட்ல அப்படித்தான்’ என்பது அடிக்கடி வரும் பதில். அது குழம்புக்கான யோசனை, கட்டுரைக்கு உதவாது. ‘சட்டியை எதால் பிடித்தாள், துணியாலா வெறுங்கையாலா? நீ அப்போது எங்கே நின்றாய்?’ என்ற கேள்விதான் எழுதியவரை அடுப்படிக்கே திருப்பி அனுப்பும்.

வட்டாரச் சொல்லையும் வீட்டு வழக்கையும் திருத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். வெஞ்சனம், தொடுகறி (சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது), ஆணம் (குழம்பு), சாத்தமுது (ரசம்) எல்லாம் பிழையல்ல. புரியாவிட்டால் கேள்வியாகக் கேட்கலாம், கோடுபோட்டு அடிக்கக் கூடாது. எழுத்துப் பிழை பார்ப்பது கடைசி வரைவில்.

முடிவுகளும் ஒன்றுபோல வரும்: ‘இன்று பாட்டி இல்லை, அந்தச் சுவை மட்டும் நாவில் நிற்கிறது.’ துக்கம் உண்மையானது, அதைக் குறை சொல்லவே கூடாது. கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துவிட்டு, அதற்கு முந்தைய வரியை இன்னொரு முறை படித்துக்காட்டினால் போதும். வேண்டுமா வேண்டாமா என்பதை எழுதியவர் முடிவு செய்வார்.

ஆசிரியர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் சாப்பாட்டைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், வருமானம் தெரிந்துவிடும். மாட்டுக்கறி, ரேஷன் அரிசி, சத்துணவுக்காகவே பள்ளிக்குப் போன நாள், அடுத்த வீட்டில் வாங்கிய பழைய சோறு என்று ஒருவர் துணிந்து எழுதியிருக்கும்போது, எதிரே இருப்பவர் முகம் சுளித்தாலே போதும், அந்த மாணவர் பிறகு எழுதவே மாட்டார். அதனால் வருகைப் பதிவு வரிசைப்படி குழு பிரிக்க வேண்டாம். யாரோடு அமர முடியாது என்பதை ஆசிரியரிடம் தனியாகச் சொல்ல வழி இருக்கட்டும். தாளின் தலைப்பில் ஒரு கட்டம் போட்டு, ‘இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்’ என்று எழுத இடம் விடுங்கள். ‘இதையெல்லாமா சாப்பிடுவீங்க?’ என்ற கேள்வி எந்தத் தொனியிலும் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, நகல்கள் மூன்றும் எழுதியவரிடமே திரும்ப வேண்டும். உயிரோடிருக்கும் உறவினரின் சண்டையோ கடனோ கட்டுரையில் வந்தால் பெயரை மாற்றிவிடுவது நல்லது.

மாணவரை மாணவருக்கு மதிப்பெண் போட வைக்காதீர்கள், அது நட்புக்குப் போடும் மதிப்பெண்ணாகிவிடும். ஆசிரியர் சீட்டுக்கு மதிப்பெண் போடலாம். வரி எண் இருக்கிறதா, எடுத்தெழுதிய சொல் இருக்கிறதா, கேள்விக்கு ‘ஆமாம், இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லித் தப்பிக்க முடியுமா என்று பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

இரண்டாம் வரைவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். அந்த இடைவெளியில் வீட்டில் போய்க் கேட்டு வருவார்கள்: எந்த வருஷம், எந்தச் சட்டி, யார் அரைத்தது. வரைவின் அடியில் மூன்று வரி எழுத வேண்டும்: யார் சொன்னதை எடுத்துக்கொண்டேன், எதை விட்டேன், ஏன். எல்லோர் சொன்னதையும் ஏற்றுக்கொண்ட தாள் வந்தால் அந்த மாணவரைக் கூப்பிட்டு, எந்தத் திருத்தம் பிடிக்கவில்லை என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும்.