ஃபார்ம் சி-யில் ஒரே ஒரு கையெழுத்து

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தில் அது கிடையாது, 2021இல் திருத்தியபோதும் யாரும் சேர்க்கவில்லை. ஃபார்ம் சி என்று ஒரு ஒப்புதல் படிவம் உண்டு. 18 வயது முடிந்த பெண்ணாக இருந்தால் அதில் அவள் கையெழுத்து மட்டும் போதும். வயது குறைந்தவள், மனநோய் உள்ளவள் என்றால்தான் காப்பாளர் போட வேண்டும்.

வேலையில் இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நான் தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபீஸ் பேப்பரில் வி.எச்.என்., ஊருக்குள் நர்ஸம்மா.

பென்னாகரம் பக்கத்து ஊரில் ஒரு பெண். இடுப்பில் ஒன்று, பால் குடிக்கிற கைக்குழந்தை ஒன்று. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. "நாள் தள்ளிப் போச்சு நர்ஸம்மா, என்னால முடியாது" என்று வந்தாள். கார்டு போட்டுப் பார்த்தோம், இரண்டு கோடு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே போனால் வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் போனில் "நான்தான் சரின்னு சொல்றேனே மேடம்" என்று கத்தினார், கேட்கவில்லை. மேஸ்திரி லீவு கொடுத்து, சம்பளத்தை இழந்து, ராத்திரி பஸ் ஏறி அவர் வந்து சேர்வதற்குள் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது கிளீன் பண்ணுகிற நிலைக்குப் போய்விட்டது. அதோடு விட்டார்களா? "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே பண்ணிடலாம்" என்றார்கள். அவளுக்கு அப்போது 22 வயது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு மாமியாரும் நாத்தனாரும் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து "யாரைக் கேட்டுடி கலைச்சீங்க" என்று நின்றால் அடி வாங்கப் போவது டியூட்டி டாக்டரும் ஸ்டாஃப் நர்ஸும்தான். அந்தப் பயத்துக்கு ஒரு மருந்தாகத்தான் கணவர் கையெழுத்து. ஆனால் அந்த மருந்தை விழுங்குவது என்னவோ அவள். 2022 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பில் இதையும் சொல்லியிருக்கிறார்கள்: குடும்பத்தார் சம்மதம் வேண்டும், அந்தச் சான்று கொண்டுவா, கோர்ட் உத்தரவு வாங்கி வா என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்று. தொலைக்காட்சியில் அந்தப் பகுதி வரவே இல்லை. 'திருமணமாகாத பெண்ணுக்கும் உரிமை' என்ற வரியை வைத்துக்கொண்டே ராத்திரி முழுக்க விவாதம் ஓடியது.

அந்த வருஷம் ஜூனில்தான் அமெரிக்காவில் 1973இலிருந்து இருந்த உரிமையை அவர்கள் உச்ச நீதிமன்றம் எடுத்துப் போட்டது. எங்கள் சொந்தக்கார வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே பெருமை. "நம்ம நாட்டுல 1971லயே சட்டம் வந்தாச்சு, அவங்களே நம்மகிட்டதான் கத்துக்கணும்" என்று ஒரு பெரியப்பா மகன் எழுதினார். வருஷம் சரி. ஆனால் என்ன சட்டம் அது என்று அவர் படித்துப் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 312ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்றது. மூன்று வருஷம் வரை சிறை. குழந்தை அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வருஷம் வரை. தானாகக் கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதில் குற்றவாளி. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்ததே, அதில் எண் 88 ஆனது, சங்கதி அப்படியே இருக்கிறது. 1971 சட்டம் இந்தக் குற்றத்தை நீக்கவில்லை. இன்னின்ன நிலைமையில், பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்தால் அவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று ஒரு விலக்குக் கொடுத்தது. யாரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் என்று அதிலேயே தெரிகிறது. தாய் உயிருக்கு ஆபத்து, அவள் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு, குழந்தைக்குப் பெரிய குறைபாடு, பலாத்காரம், கருத்தடை சாதனம் தோற்றுப் போனது. காரணங்கள் இவைதான். "எனக்கு வேண்டாம்" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் என்ன நடக்கும்? ஆயுளில் ஒரு நிரோத் பாக்கெட்டைக் கண்ணால் பார்க்காதவளுக்கும் ஃபார்மில் 'கருத்தடை சாதனம் பலனளிக்கவில்லை' என்று விழும். நல்ல மனசுள்ள டாக்டரம்மா கிடைத்தால் அப்படி. கிடைக்காவிட்டால் "உன் இஷ்டத்துக்கு எல்லாம் பண்ண முடியாது, போ".

சட்டம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் கமிட்டி போட்டார்கள், 1966இல் அறிக்கை வந்தது. ஊரில் கண்டவரிடம் போய் குச்சி வைத்துச் செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை அதில் உண்மையாகவே இருந்தது. கூடவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் நாம் இருவர் நமக்கு இருவரும் சுவரெல்லாம் எழுதப்பட்ட காலம் அது. அரசாங்கத்துக்கு ஜனத்தொகை குறைய வேண்டும். பெண் கேட்பதும் அரசாங்கம் கேட்பதும் ஒரே பக்கம் நின்ற வரைக்கும் கதவு திறந்திருந்தது.

பெரியார் இதை 1930களிலேயே பிரித்துச் சொன்னவர். தாயின் உடல்நலத்துக்காக, வறுமைக்காக, நாட்டு நலனுக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் பேசினார்கள். பெண் விடுதலைக்காகவே வேண்டும் என்றார் அவர். நாங்கள் படித்த பயிற்சிப் புத்தகத்தில் அவர் காரணம் இல்லை, மற்ற எல்லாக் காரணமும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டார்கெட் இருந்தது. ஒவ்வொரு வி.எச்.என்.னும் வருஷத்துக்கு இத்தனை ஆபரேஷன் கேஸ் கொண்டுவர வேண்டும். குறைந்தால் மாதாந்திரக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். 1996இல் மத்திய அரசு டார்கெட்டை எடுத்துவிட்டது, காகிதத்தில். கலைக்க வந்தவளை அப்படியே ஆபரேஷனுக்கும் தள்ளுகிற பழக்கம் போகவில்லை. கலைத்துக்கொடுக்க ஆபரேஷனோ காப்பர் டி-யோ ஒரு வாடகை மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் இந்த மாத்திரை விஷயம். 9 வாரம் வரைக்கும் மாத்திரையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று அரசு விதியே சொல்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் விற்கலாம். தமிழ்நாட்டில் சீட்டோடு போய்க் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நாங்க வெச்சுக்கிறதில்ல" என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. இன்ஸ்பெக்‌ஷனில் ஸ்டாக் ரிஜிஸ்டரை நோண்டி, வாங்கியவர் யார், சீட்டு எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்களுக்குச் சலித்துவிட்டது. இந்த ஒரு மருந்தால் கிடைக்கிற லாபத்துக்கு இவ்வளவு தொல்லை எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் கேட்டால் பெண் சிசுக் கொலை என்பார்கள். அந்தப் பேச்சை எங்கள் மாவட்டத்தில் யாரும் லேசாகப் பேச முடியாது. உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி என்று பேப்பரில் பெயர் அடிபட்ட ஊர்க்காரர்கள் நாங்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமே அதனால்தான் வந்தது. மூன்றாவதும் பொண்ணு என்று தெரிந்த வீட்டுக்கு நான் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறேன், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. அதனால் கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994இல் வந்த ஸ்கேன் சட்டத்தில் ஒரு வரியைத் தளர்த்தச் சொன்னாலும் முதலில் சண்டைக்கு வருபவள் நான்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று ஓரளவு சொல்ல 12, 13 வாரமாவது ஆக வேண்டும். மாத்திரை 9 வாரத்துக்குள். ஆறாவது வாரம் வந்து நிற்கிறவளுக்கு வயிற்றில் இருப்பது என்ன என்று யாருக்குமே தெரியாது. அவளுக்கு ஏன் மருந்து இல்லை?

வீட்டுக்குள் கையடக்க ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லி, நாலாம் மாசத்திலும் மாத்திரை கொடுக்கிற கும்பல் இருக்கிறது, தெரியும். எங்கள் மாவட்டத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து எப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருந்தது. கடையில் இல்லாமல் போனதால் கஷ்டப்பட்டது சீட்டோடு வந்தவள். கடையில் கிடைக்காதவள் கடைசியில் அந்தக் கும்பல் வாசலுக்கே போகிறாள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தியா முழுக்க 2015இல் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன, அதில் நாலில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சட்டம், கமிட்டி, ஃபார்ம் எல்லாவற்றையும் தாண்டிப் பெண்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கருவைக் கலைக்க அனுமதி கேட்டு ஒரு பெண் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன 2023 அக்டோபர் வழக்கைப் பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்டார்கள். 27 வயது, இரண்டு குழந்தைகள், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, மூன்றாவது உண்டானதே தெரியவில்லை. தெரிந்தபோது சட்டத்தின் எல்லையான 24 வாரம் தாண்டிவிட்டது. அக்டோபர் 9 அன்று இரண்டு பெண் நீதிபதிகள், ஹிமா கோலியும் நாகரத்னாவும், அனுமதி கொடுத்தார்கள். குழந்தை உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது, இதயத் துடிப்பை நிறுத்தவா வேண்டாமா என்று எய்ம்ஸ் டாக்டர் ஒருவர் கேட்டு எழுத, 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு 16ஆம் தேதி மறுத்துவிட்டது. பிரசவச் செலவு அரசு பார்க்கும், வேண்டாம் என்றால் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

இந்த வழக்கில் எனக்கு ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. குறைமாதக் குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் 26 வாரக் குழந்தைகளைப் பார்த்தவள் நான். அந்த டாக்டரின் கை ஏன் நடுங்கியது என்று எனக்குத் தெரியும். ஆனால் "இத்தனை மாசம் என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்று ஊரே கேட்டதே, அதுதான் பொறுக்கவில்லை. பால் கொடுக்கிறபோது தலைக்கு வராது, அதனால் கரு தங்காது என்று நம் பாட்டிகள் சொல்லிக்கொடுத்ததை நம்பிய பெண்கள் எத்தனை பேர் நாலாம் மாசம், அஞ்சாம் மாசம் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்! குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும் வரை, தாய்ப்பால் மட்டுமே ராப்பகலாகக் கொடுத்தால், மாதவிலக்கும் வராதிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. சோறு ஊட்டத் தொடங்கிவிட்டால் போச்சு. இதைச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. பிரசவம் முடிந்து போகிற பெண்ணிடம் இதை யாரும் சொல்லவில்லை என்றால் கோர்ட்டில் அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்கு மேலும் மெடிக்கல் போர்டு அனுமதிக்கலாம் என்கிறது திருத்தச் சட்டம். தாயின் மனசு உடைந்தால் அனுமதி இல்லை. அந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

கடைசியாக, பதினெட்டு ஆகாத பெண்கள். எங்கள் பக்கம் பதினாறு, பதினேழு வயதில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு, வீட்டிலேயே பிடித்துக் கட்டிவைத்தவர்களும் உண்டு. கர்ப்பம் என்று பதிவு செய்ய வந்தாலே வயதைப் பார்த்து போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு அப்படி. சொல்லாவிட்டால் டாக்டருக்கும் எங்களுக்கும் தண்டனை. பெண்ணைக் கெடுத்தவனைப் பிடிக்க அந்தச் சட்டம் வேண்டும்தான். ஆனால் புருஷனோ அப்பாவோ ஜெயிலுக்குப் போவார் என்று தெரிந்தால் அந்தப் பெண் வருவாளா? வரவில்லை. நாட்டு மருந்து, பப்பாளி, கண்டவன் கொடுத்த மாத்திரை என்று எல்லாம் பார்த்துவிட்டு, ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இதற்கும் அந்த 2022 தீர்ப்பில் ஒரு வழி இருக்கிறது. பதினெட்டு ஆகாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கிற தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. நான் போன எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் யாரும் இதைச் சொன்னதில்லை. தங்கை மகள் வக்கீலுக்குப் படிப்பதால் எனக்குத் தெரிய வந்தது. இதைப் படிக்கிற தங்கச்சிகள் யாராவது வேலையில் இருந்தால், தீர்ப்பின் அந்தப் பத்தியைப் பிரிண்ட் எடுத்து உங்கள் பி.எச்.சி. டாக்டர் மேஜையில் வையுங்கள். "இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா" என்று கோபிப்பார்கள். கோபித்துக்கொண்டே படிப்பார்கள்.