ஒரே ‘போ’, ஏழு குரல்

மோங் மொழியின் தொனிகளோடு (சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கங்கள்) மல்லுக்கட்டத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. நான் பழகுவது லாவோஸ், தாய்லாந்து மலைப்பகுதிகளில் பேசும் வெள்ளை மோங் வழக்கு. 1950களின் தொடக்கத்தில் லாவோசில் உருவான ரோமன் எழுத்துமுறையில் படிக்கிறேன். இதில் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை உச்சரிக்கக் கூடாது, அது தொனிக் குறி. இது தெரியாமல் முதல் இரண்டு நாள் பாட்டியைக் குறிக்கும் pog என்ற சொல்லை ‘போக்’ என்றே படித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு எடுத்த சொல் ‘போ’. நம் ‘ப’வே போதும், மூச்சு விட வேண்டாம். கடைசியில் பி (b) இருந்தால் உயர்ந்த சமக்குரல்: உருண்டை. ஜே என்றால் உச்சியிலிருந்து சரியும்: பெண். வி ஏறும்: எறிவது. எஸ் தாழ்ந்தது: முள். ஜி தாழ்ந்து இறங்கி மூச்சோடு வரும்: அப்பாவைப் பெற்ற பாட்டி. வேலை முடித்து உட்காரும்போது ‘அப்பாடா’ என்போமே, அந்தக் காற்று. எம் கரகரத்துத் தொண்டையில் அடைபடும்: பார்ப்பது. குறியே இல்லையென்றால் நடுக்குரல்: மண்ணீரல். எட்டாவதாக டி (d) ஒன்று உண்டு, அரிதாகத்தான் வரும். இப்போதைக்குத் தொடவில்லை.

ஜியும் எம்மும்தான் படுத்தும் என்று நினைத்தேன். பத்தே நாளில் படிந்துவிட்டன. உயிரை வாங்கியது மண்ணீரல்! குரலின் உயரத்தைக் கோடாக வரைந்து காட்டும் பிராட் மென்பொருளில் என் குரலைப் போட்டுப் பார்த்தால் நேராக ஓட வேண்டிய கோடு கடைசியில் தொங்குகிறது. தமிழில் வாக்கியம் முடிக்கிற பழக்கம். தொங்கவிடக் கூடாதென்று கவனமாகச் சொன்னால் ‘சரிதானா?’ என்று கேட்பதுபோல் மேலே ஏறி ‘எறி’ ஆகிவிடுகிறது. வாரம் ஒருமுறை அழைப்பில் திருத்தும் மோங் தோழி, “யாரை எறியணும்?” என்று சிரித்தார்.

வழி மோங் எண்களில் கிடைத்தது. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாமே பி தொனி. ஆறும் ஏழும் குறியில்லாதவை. ஐந்து வரை ஒரே உயரத்தில் சொல்லிக்கொண்டே வந்து ஆறில் ஒரு படி இறங்கினால், நடுக்குரல் தானாக வந்து நிற்கிறது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் இதே வேலை. கீழ்வீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

நேற்றைய பதிவில் இருபது மண்ணீரலில் பதினான்கு நேர்கோடு. எட்டும் பத்தும் எம் தொனி, ஒன்பது ஜே. வேகமாக எண்ணினால் ஒன்பதில் இன்னும் தடுக்குகிறது.