நேரக் கடன்

எங்கள் ஆய்வுக் கழகத்தின் இரும்புப் பெட்டியில் இரண்டு கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று பொருளாளருடையது. வரவு, செலவு, ரசீது எண், கையிருப்பு எல்லாம் அதில் உண்டு. மற்றொன்று நான் செயலாளராக இருந்தபோது போட்டது. அதில் ரூபாய்க் கணக்கு கிடையாது. யாருடைய உழைப்பை வாங்கிக்கொண்டு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறோம் என்று தேதி போட்டு எழுதிவைத்த நோட்டு அது. பொறுப்பில் இருந்த ஏழு ஆண்டுகளில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எது என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

2014இல் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கு முடிந்து பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் எட்டுப் பேர் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதுதான் தொடக்கம். நான்கு பேர் கல்லூரி ஆசிரியர்கள், இருவர் முனைவர் பட்ட மாணவர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எல்லாரும் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டும் ஊர் வரலாறும் பார்க்கிறவர்கள். எல்லாருக்கும் ஒரே குறைதான்: எழுதியதைப் படித்து, இந்த வரி தப்பு, இந்த ஊர் அது இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. கைதட்டக் கூட்டம் இருந்தது. திருத்த ஆள் இல்லை. பேராசிரியர் ஐயா அன்று ஒரு செய்தி சொன்னார். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26ஆவது மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்த தமிழறிஞர்கள் கூடிப் பேசித்தான் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. இரண்டே ஆண்டில், 1966இல், கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்துவிட்டது. "வேற ஒருத்தர் போட்ட பந்தல்லதான் அதுவும் முளைச்சது. நாம ஏன் தயங்கணும்?" என்றார். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பேச்சு எங்களுக்குத் தெம்பாக இருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவு செய்ய ஏழு பேர் போதும். நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். துணைவிதிகளை வேறொரு சங்கத்தின் துணைவிதியைப் பார்த்து எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, 2015இல் பதிவு முடிந்தது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, நிர்வாகிகள் மாறும்போது கொடுக்கவேண்டிய படிவம் 7 என்று எல்லாம் பழகிக்கொண்டோம். ஆண்டிதழுக்கு, இதழ்களை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் வாங்கினோம். அதற்குக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்ட இடைத்தரகர்களும் எங்களைத் தேடி வந்தார்கள்.

முதலில் நாங்கள் நன்றாகச் செய்த வேலை மைப்படி எடுத்தது, அதாவது கல்வெட்டின் எழுத்தை மையால் தாளில் படியெடுத்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு கோயிலின் அதிட்டானம், சுவருக்குக் கீழே உள்ள அடித்தளம். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, பதினெட்டுப் பேருக்கு இட்லிப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தார் பள்ளி ஆசிரியர். கல்லில் படிந்திருந்த பாசியையும் சுண்ணாம்பையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம். நனைத்த தாளைக் கல்மேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு பேர் நிற்க, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்க வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் அந்த எழுத்து போச்சு. தாள் பாதி காய்ந்த பதத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை பரவிவிடும், காய்ந்தால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். துணி சுற்றிய ஒற்றியைத் தாம்பாளத்து மையில் தொட்டு மெல்ல மெல்ல ஒற்றும்போது, கறுப்புக்கு நடுவில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்க மங்கலச் சொல் வெள்ளையாக எழும்பி வந்தது. மூலையைப் பிடித்திருந்த மாணவி கையை எடுக்காமலே குனிந்து படிக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த இடத்தில் யாரும் யாருக்கும் தலைமை தாங்க வேண்டியிருக்கவில்லை. தாளின் ஈரமே எல்லாரையும் வேலை வாங்கியது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கஷ்டம் தொடங்கும். மைப்படி எடுக்க முப்பது பேர் வருவார்கள். அதைப் படித்து, எழுதி, சரிபார்த்து, தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்க்க மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் "யாராவது இதைச் செய்து தர முடியுமா?" என்று போடுவேன். கைகூப்பும் படம் பத்து வரும், வேலை நடக்காது. 'யாராவது' என்று கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. ஒருவரை அழைத்து, "ஐயா, இந்தக் கல்வெட்டில் நான்காம் வரியிலிருந்து எட்டாம் வரி வரை மட்டும் நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள், அடுத்த ஞாயிறுக்குள்" என்று கேட்டால் பெரும்பாலும் நடந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டு ஆனது.

2017 டிசம்பரில் மூன்றாம் ஆண்டு மாநாடு. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் படித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை சொன்ன காலம். கட்டுரைகள் வந்து குவிந்தன. பதிவுக் கட்டணம் வந்தால் இதழை அச்சடிக்கலாம் என்ற ஆசையில் 140 கட்டுரைகளை ஏற்றுக்கொண்டோம். ஏற்றவள் நான்தான், வேறு யார்மேலும் பழி போட மாட்டேன். ஐந்து அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள். ஒருவருக்கு ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் மணி அடிப்போம். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு மாணவர், தன் ஊர் ஏரி மடைக் கல்வெட்டைப் பற்றி இரண்டு ஆண்டு அலைந்து எழுதியிருந்தார். முன்னுரையைத் தாண்டும் முன்பே மணி அடித்தது. பாதிப் பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட்டார்கள். கடைசி அமர்வில் அறையில் இருந்தது மூன்று பேர்: படித்தவர், அமர்வுத் தலைவர், நான். கணக்கு முடித்தபோது கையில் பணம் மிஞ்சியது. அந்தப் பணத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மீந்த சான்றிதழ்க் கட்டைப் பெட்டியில் வைக்கப் போனபோதுதான் அடியில் இருந்த ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. திறந்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப்பெயர், அது வரும் கல்வெட்டு, வரி எண், இன்றைய பெயர். நுணுக்கி நுணுக்கி எழுதிய நீல மைக் கையெழுத்து.

அதை உருவாக்கியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். நாங்கள் படித்த கல்வெட்டுகளுக்கெல்லாம் ஊர்ப்பெயர் அடைவு வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசியபோது, "நான் செய்கிறேன் மேடம்" என்று கை தூக்கியவர். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தார். கொண்டுவந்து தந்த பிறகு, தனி நூலாகப் போடுவதா இதழின் பின்னிணைப்பாகப் போடுவதா என்று செயற்குழுவில் சண்டை. முடிவெடுக்கவில்லை. அவர் இரண்டு முறை போன் செய்தார். "பேசிட்டுச் சொல்றேன்மா" என்றேன் இரண்டு முறையும். பிறகு போன் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். 'ஊர்ப்பெயர் அடைவு: ஒத்திவைக்கப்பட்டது' என்று மூன்று கூட்டங்களில் என் கையெழுத்திலேயே இருந்தது.

அவருடைய கல்லூரிக்குப் பேருந்து பிடித்துப் போனேன். அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை. "புக்கா வரலேன்னு எனக்கு வருத்தம் இல்ல மேடம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் என் வேலையைப் பாத்திருப்பேன்" என்றார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. போய்விட்டார்.

பேருந்தில் திரும்பும்போது அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வேலை வீணானாலும் மாதக் கடைசியில் கூலி கிடைத்துவிடுகிறது. தன்னார்வலருக்குக் கூலியே அந்த வேலை பயன்படுவதுதான். அது கிடைக்காதபோது நாம் அவரிடம் வாங்கியது கடன். பொன்னாடையும் நினைவுப் பரிசும் அந்தக் கடனுக்கு வட்டிகூட ஆகாது. அன்று இரவே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன்.

பிறகு விதிகளை மாற்றினோம். கட்டுரை வந்தால் 45 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று குறைந்தது ஒரு பக்கம் எழுத வேண்டும். 2018 மாநாட்டுக்கு 36 கட்டுரைகள்தான். ஒரே அறை, ஒருவருக்கு அரை மணி நேரம். கட்டுரையை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து கேள்வி கேட்க ஒருவர். பொருளாளர் கவலைப்பட்டார். வருமானம் விழுந்தது உண்மைதான். மண்டபச் சாப்பாட்டுக்குப் பதில் உறுப்பினர் வீடுகளிலிருந்து சாம்பார் சாதமும் தயிர்சாதமும் தூக்கில் வந்தன. ஏரி மடைக் கல்வெட்டு மாணவரை மறுபடி அழைத்தோம். மடையின் அளவைச் சொல்லும் இடத்தில் அவருடைய வாசிப்பு தப்பு என்று பேராசிரியர் ஐயா எழுந்து சொல்ல, இருவரும் மைப்படியைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி தாண்டியும் கூட்டம் கலையவில்லை. நாங்கள் டீக்கடையில் ஆசைப்பட்டது இதைத்தான்.

நடுவில் வேறொரு நெருக்கடியும் வந்தது. மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யூ.ஜி.சி. கேர் பட்டியலில் உங்கள் இதழ் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களுடைய பதவி உயர்வு அதில் தொங்கியது. ஆனால் அந்தப் பட்டியலுக்காகவே இதழை வளைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். 2025 பிப்ரவரியில் மானியக் குழு அந்தப் பட்டியலையே கைவிட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியும் 2022இலேயே போய்விட்டது. விதிகள் வரும், போகும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படிக்கிற வேலையை எந்தப் பட்டியலும் செய்து தராது.

அடைவு 2019இல் தனி நூலாக வந்தது. அட்டையில் அவர் பெயர். பத்துப் படிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார். கழகத்துக்குத் திரும்பி வரவில்லை. நோட்டில் அவர் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

2022இல் பொறுப்பை ஒப்படைத்தேன். இன்னும் இருங்கள் என்று பலரும் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் மின்னஞ்சல் கடவுச்சொல் முதல் அச்சகத்தாரின் எண் வரை என் தலைக்குள்தான் இருந்தது. எனக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தபோது கழகமே நின்றது. அது எனக்குப் பெருமை இல்லை, கழகத்துக்கு ஆபத்து. செப்பேடுகளில் ஆய்வு செய்யும் ஓர் இளைய பேராசிரியை அடுத்த செயலாளர். பதிவுச் சான்றிதழ், முத்திரை, தீர்மானப் புத்தகம், காசோலைப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தவர், நோட்டைத் திறந்ததும் நின்றார். அடிக்காத பெயர்கள் ஏழு இருந்தன.

"முதல் பேரு யாருன்னு தெரியும் மேடம். இரண்டாவது?"

"பெரம்பலூர் பக்கத்து வாத்தியார். நடுகல் ஒன்றைப் படித்து அனுப்பியிருக்கிறார். ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாம் வரியில் சந்தேகம் இருக்கிறது, யாரும் பதில் எழுதவில்லை."

பெட்டியிலிருந்து அந்த மைப்படியைத் தேடி எடுத்துத் தரையில் விரித்தார். சுருண்ட மூலைகளில் முத்திரையையும் மைப்புட்டியையும் வைத்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"ஐயா, வணக்கம். கழகத்திலிருந்து பேசுறேன். அந்த மூணாவது வரி... நீங்க 'தொறு'ன்னு படிச்சிருக்கீங்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் பேசலாமா?"